பொண்ணு பக்கத்துக் கமரா

இருவாட்சிப் பறவையைப் படம் பிடிக்கப் போய், இரண்டு வருடமாக நான் படம் பிடித்தது ஓர் ஓட்டையைத்தான்.

பெண் இருவாட்சி மரப் பொந்துக்குள் புகுந்து, வாசலை எச்சத்தால் பூசி அடைத்து, அலகு நீட்ட ஒரு கீறல் மட்டும் விட்டுவிட்டு உள்ளே இருக்கும். ஆண் ஏறக்குறைய மூன்று மாதம் பழம் கொண்டுவந்து ஊட்டும். கடைசியில் ஒரு காலை அவள் அந்தச் சுவரை உடைத்துக்கொண்டு வெளியே வருவாள். அந்த ஒரு நிமிடம்தான் எனக்கு வேண்டும். முதல் வருடம் அந்த நிமிடத்தில் பற்றரி மாற்றிக்கொண்டிருந்தேன். இரண்டாம் வருடம் ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ரொட்டி நன்றாகத்தான் இருந்தது. திருகோணமலைப் பறவைப் படக்காரர்களின் வட்ஸ்அப் குழுவில் என் பெயர் 'பொந்து றஹ்மான்' ஆகிவிட்டது.

இந்த வருடமும் தவறினால் இனி இல்லை. பொந்து இருக்கும் பாலை மரம் போன மாரியில் ஒரு பக்க வேரைக் கிளப்பிச் சாய்ந்து நிற்கிறது. அடுத்த மாரியைத் தாங்காது. தம்பலகாமத்துக்குப் பின்னாலுள்ள மலைக்காட்டில் அது நிற்கிறது. மலை என்று நான் சொன்னால் நுவரெலியாக்காரர் சிரிப்பார்கள். என் முழங்காலைக் கேட்டால் அது மலைதான்.

தொழிலால் நான் மூதூரில் கல்யாணப் படக்காரன். எங்கள் கல்யாணங்களில் பெண்கள் இருக்கும் பக்கத்துக்கு ஆண் கமரா போகாது. மாப்பிள்ளை என் பொறுப்பு, பொண்ணு என் மனைவி ஸுல்பிகாவின் பொறுப்பு. பதினாறு வருடமாக இப்படித்தான். கமராவுக்குள்ளால் நான் ஒரு பொண்ணையும் பார்த்ததில்லை. என் கல்யாணத்தில் கமரா இல்லாமல் ஒருத்தியைப் பார்த்தேன், அதுவும் பதற்றத்தில் கொஞ்சம் மங்கலாகத்தான் தெரிந்தாள்.

மாடு தேடிக் காட்டுக்குப் போகும் சின்னராசா அண்ணன்தான் பொந்தைக் கண்டுபிடித்தவர். என்னை அவர் அண்ணன் என்ற பொருளில் 'நானா' என்பார். சனிக்கிழமை அவரிடமிருந்து அழைப்பு வந்தது.

"நானா, உள்ளுக்க இருந்து கொத்துற சத்தம் கேக்குது. நாளைக்கு விடிய வந்திருங்கோ."

ஞாயிறு பின்னேரம் தோப்பூரில் கல்யாணம். அதனால் ஸுல்பிகாவும் தன் கமராவுடன் எங்கள் வான் வண்டியில் ஏறிவிட்டாள், காட்டிலிருந்து நேரே போய்விடலாம் என்று.

மலையடியில் சின்னராசா அண்ணன் காத்து நின்றார். "யானை எல்லாம் விடியமுன்னமே குளத்துப் பக்கம் இறங்கிட்டுது, தங்கச்சி. பயப்பிடாதேங்கோ."

"யானைக்குப் பயமில்ல அண்ணன். இவர் ரொட்டி கொண்டந்திருப்பாரோ எண்டுதான் பயம்."

நெல்லுச் சாக்குகளைக் கட்டி அவர் செய்திருந்த மறைப்புக்குள் மூவரும் குந்தினோம். பொந்தின் சுவரிலிருந்து துண்டு துண்டாக உதிர்ந்துகொண்டிருந்தது. கமராவைப் பொந்தில் நிறுத்திவிட்டு, கண் சிமிட்டுவதைக்கூடக் குறைத்துக்கொண்டேன். ஒரு மணித்தியாலம் போனது.

அப்போது பள்ளத்திலிருந்து சிறகுச் சத்தம் கேட்டது. இருவாட்சி பறந்தால் யாரோ பெரிய பாயை உதறுவது போலிருக்கும்.

என்னைக் கேட்காமலே என் கமரா திரும்பியது. மாப்பிள்ளை வரும்போது கமரா மாப்பிள்ளையில் இருக்க வேண்டும். பதினாறு வருடப் பழக்கம். அவர் அலகில் சிவந்த ஆலம்பழத்துடன் கிளையில் இறங்கி, சிறகைச் சரிசெய்து, தலையைச் சற்றுக் குனிந்தார்.

"கொஞ்சம் தலைய நிமித்துங்க," என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

"ஷேர்வானி ஒண்டும் போட்டு விடுவமோ, நானா?" என்றார் சின்னராசா அண்ணன் மெல்ல.

மாப்பிள்ளை நிமிர்ந்தார். திடீரென்று வாயைப் பிளந்தார். பழம் விழுந்தது. அதையும் பிடித்துவிட்டேன். எதைக் கண்டு இப்படி வாய் பிளக்கிறார் என்று யோசித்தபோதுதான், பக்கத்தில் ஸுல்பிகாவின் கமரா மழை பெய்வது போல் சடசடப்பது காதில் விழுந்தது.

திரும்பினேன். பொந்து இரண்டு மடங்கு பெரிதாகியிருந்தது. அதில் யாரும் இல்லை. பெண் மேல் கிளையில் உட்கார்ந்து வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சின்னராசா அண்ணன் நெற்றியில் கையை வைத்தார். "நானா, மூண்டாம் வருசமுமோ?"

நான் அப்படியே நிலத்தில் உட்கார்ந்துவிட்டேன். "எல்லாம் போச்சு ஸுல்பிகா."

"கதைக்காதீங்க," என்றாள் அவள், கண்ணை எடுக்காமல். "புள்ள இன்னும் உள்ள இரிக்கி."

இருந்தது. உடைந்த வாசலில் ஒரு சின்ன அலகு எட்டிப் பார்த்து, உலகம் பிடிக்காமல் உள்ளே போய், மறுபடி எட்டிப் பார்த்தது. அதன் பிறகுதான் ஸுல்பிகா கமராவை இறக்கினாள்.

"நீ மாப்பிள்ளைய ஒருக்காக்கூடப் பார்க்கல்லியா?"

"அவர்ர வேல எனக்கென்னத்துக்கு? பொண்ணு கதவத் திறக்கக்குள்ள நான் வேற எங்கயும் பாக்கிறல்ல."

அவளுடைய படங்களைப் பார்த்தோம். சுவர் உடைகிறது. தூசி படிந்த முகம். வெளிச்சம் கூசி மூடிய ஒற்றைக் கண். நைந்துபோன வால். பிறகு விரிந்த இரண்டு சிறகுகள், முதல்தரம் பறக்கிறவள் போல. கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அது தூசி என்று சொன்னேன். மூன்று மாத அடைப்பிலிருந்து அவள் வெளியே வந்ததை நானும் கண்டுவிட்டேன், ஸுல்பிகாவின் கண்ணால்.

என் படத்தில் பிளந்த அலகுக்குக் கீழே பழம் அந்தரத்தில் நின்றது. இரண்டு கமராவிலும் நேரம் ஏழு நாற்பத்திரண்டு. அவளைக் கண்டுதான் அவர் பழத்தைத் தவறவிட்டிருக்கிறார். சின்னராசா அண்ணன் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பார்த்துச் சிரித்தார். "மனிசியைக் கண்ட உடன கையில கிடந்ததும் போச்சு."

கண்டி வீதிக்கு இறங்கிய பிறகுதான் சிக்னல் வந்தது. ஸுல்பிகா தன் படத்தை என் போனுக்கு அனுப்பினாள். "ஒங்கட பேர்லயே போடுங்க. மூணு வரிசம் அலைஞ்சயள்."

ஒரு நிமிடம் யோசித்தேன். உண்மையில் இரண்டு நிமிடம், நான் அவ்வளவு நல்லவனில்லை. பிறகு 'படம்: ஸுல்பிகா றஹ்மான்' என்று எழுதிக் குழுவில் போட்டேன். தோப்பூர் போகும் வரை போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. வந்த பாராட்டை ஒவ்வொன்றாக வாசித்துச் சொன்னேன். ஸுல்பிகா யன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தாள்.

அன்று தோப்பூர் மாப்பிள்ளை காரிலிருந்து மூன்று தரம் இறங்க வேண்டியதாயிற்று. முதல் இரண்டு தரமும் நான், ஸுல்பிகா கமராவோடு உள்ளே போன கதவையே பார்த்துக்கொண்டு நின்றேன்.