முந்நூறு சொற்களில் குடும்பச் சூழல்

மருதப்பன் மைக்கைத் தட்டிய விதமே இளமதிக்குப் பிடிக்கவில்லை. பழக்கடையில் தர்பூசணியைத் தட்டிப் பார்ப்பவர்போல் நாலு தட்டு தட்டிவிட்டு, தம்மைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். முனைவர் பட்டத்துக்குப் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகளை வெளிநாட்டு மாநாடுகளுக்கும் பயிற்சிகளுக்கும் அனுப்ப நிதி திரட்டும் விருந்து அது. சிராங்கூன் சாலையை ஒட்டிய மண்டபத்தில், ஞாயிற்றுக்கிழமை மதியம், முப்பது வட்ட மேசைகள். நிதிக்குழுவின் தலைவர் மருதப்பன். அரைமணி நேரம் பேசினார். அதில் பிள்ளைகளுக்கு வாய்த்தது மூன்று நிமிடம்.

அடுத்து பொன்னாடை. ஒரு பெரிய மனிதருக்குப் போர்த்துவார்கள், படம் எடுப்பார்கள், அவர் மேடையை விட்டு இறங்கியதும் நைசாக உருவி மடித்து அடுத்தவருக்குப் போர்த்துவார்கள். முன்னவரின் கழுத்து வியர்வையைப் பின்னவர் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு வாங்கிக்கொண்டார். பார்க்கப் பார்க்க இளமதிக்குக் குமட்டியது. எழுந்து போய்விடலாம்தான். ஆனால் போனால் வியன்னா போய்விடும்.

கழிவுநீரைச் சுத்திகரிக்கும் சவ்வுகளைப் பற்றி நான்கு வருடமாக ஆராய்ச்சி செய்கிறாள். வியன்னா மாநாட்டில் கட்டுரை வாசிக்க அழைத்திருக்கிறார்கள். அந்தத் துறையில் வேலை கொடுக்கக்கூடியவர்கள் அத்தனை பேரும் அங்கே வருவார்கள். பல்கலைக்கழகம் தரும் பயணப்பணத்தை அவள் போன வருடமே செலவழித்துவிட்டாள். இந்த நிதி கிடைத்தால் போகலாம். கிடைக்காவிட்டால் வீட்டில் உட்கார்ந்து மற்றவர்கள் போடும் படங்களுக்கு லைக் போடலாம்.

பக்கத்தில் அம்மா தங்கம் பட்டுச்சேலையில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாள். வாசலிலேயே மருதப்பன் அவளை மேலும் கீழும் பார்த்து, "என்னம்மா, வேலை யூனிபார்ம்ல வந்திருந்தா ஃபோட்டோவுக்கு நல்லா இருந்திருக்கும்லா," என்று சொல்லியிருந்தார். அதைச் சொல்லும்போது அந்த மனிதர் சிரித்தார் என்பதுதான் சகிக்கவில்லை. அம்மா அதை வேடிக்கைப் பேச்சு என்று நினைத்து அவளும் சிரித்து வைத்தாள்.

தங்கம் ஈசூன் வட்டாரத்தில், சிறு சாப்பாட்டுக் கடைகள் கூடிய உணவங்காடி நிலையம் ஒன்றில் தட்டெடுக்கும் வேலை பார்க்கிறாள். பதினாறு வருடமாக ஊராரின் எச்சில் தட்டுகளை எடுத்தவள், வீட்டில் எச்சில் என்ற சொல்லைக் கேட்டாலே முகம் சுளிப்பாள். வேலை முடிந்து வந்தால் குளிக்காமல் அரிசிப் பானையைத் தொடமாட்டாள். கடைக்காரர்கள் மிஞ்சியதை, அதுவும் யாரும் தொடாததை, பொட்டலம் கட்டிக் கொடுத்தால்கூட, "வேணாங்க, வீட்ல உலை வச்சிட்டேன்," என்று சொல்லிவிடுவாள். வந்துதான் உலை வைப்பாள். இளமதி ஒரு வேளைகூட ஆறிப்போன சோறு தின்று வளர்ந்தவள் இல்லை.

அப்படிப்பட்டவளைத்தான் இளமதி விண்ணப்பத்தில் விற்றிருந்தாள். 'உங்கள் குடும்பச் சூழலை முந்நூறு சொற்களில் எழுதவும்' என்று படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது. அம்மா தட்டெடுக்கிறாள், அப்பா இல்லை, இரண்டறை வீடு என்று உள்ளதை உள்ளபடி எழுதி, போன வருடம் இதே நிதியில் டென்மார்க் போய்வந்த ரோஷினியிடம் காட்டினாள்.

"இது பத்தாது இளா," என்றாள் ரோஷினி. "எல்லாருக்கும்தான் கஷ்டம். படிக்கிறவங்களுக்குத் தொண்டை அடைக்கணும். ஏதாச்சும் சாப்பாடு சம்பந்தமா போடு."

சாப்பாடு சம்பந்தமாக இளமதி ஒரே ஒரு வாக்கியம் சேர்த்தாள். குழுவில் நாலு பேர் படித்துவிட்டு கோப்பில் போட்டுவிடுவார்கள் என்று நினைத்தாள். பெற்றோரையும் விருந்துக்கு அழைத்துவரச் சொன்னபோதுகூட அவளுக்கு உறைக்கவில்லை. இப்போது மருதப்பன் சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்துப் பிரிக்கிறார். அது தன் விண்ணப்பம்தான் என்று இளமதிக்குத் தெரிந்தது.

"தங்கம் அம்மா, மேடைக்கு வாங்க. கைத்தட்டுங்க எல்லாரும்!"

அம்மா சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு போனாள். மகளுக்காகத் தன்னைக் கௌரவிக்கிறார்கள் என்ற பூரிப்பு முகமெல்லாம் இருந்தது. மருதப்பன் குரலைத் தழுதழுக்க வைத்துக்கொண்டார். அதற்கென்று ஒரு குரல் வைத்திருந்தார்.

"இந்தப் பிள்ளை எழுதியிருக்கு, கேளுங்க. 'பிறர் உண்டு மீந்த தட்டுகளிலிருந்து என் தாய் வழித்தெடுத்து வந்த சோற்றில்தான் நான் வளர்ந்தேன்.'"

மண்டபம் 'த்சொ' கொட்டியது. முன்வரிசைப் பெண்மணி ஒருவர் கண்ணோரத்தைக் கைக்குட்டையால் ஒற்றினார், மை கலையாதபடி.

அம்மாவின் முகத்திலிருந்த பூரிப்பு அப்படியே நின்றுபோனது. யாரோ வேறொரு தங்கத்தைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று முதலில் நினைத்தாள் போலிருக்கிறது. பிறகு மகளைத் தேடினாள்.

"சொல்லுங்கம்மா," மருதப்பன் மைக்கை அவள் வாயருகே நீட்டினார். "உண்மைதானே? உங்க வாயால சொல்லுங்க, எல்லாருக்கும் கேக்கட்டும்."

இளமதி எழுந்திருக்கலாம். பொய், நான் எழுதிய பொய் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மேசைவிரிப்பில் சிந்தியிருந்த குழம்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மருதப்பனைப் பார்த்து வந்த அருவருப்பெல்லாம் தன் பக்கம் திரும்பி, நாக்கில் கசந்தது.

"ஆமாங்க," என்றாள் அம்மா.

கைத்தட்டல் அடங்கவே இல்லை. முதல் மேசையிலிருந்து ஒரு தொழிலதிபர் கையைத் தூக்கி, அந்தப் பிள்ளையின் வியன்னாச் செலவு முழுவதும் தன்னுடையது என்று அறிவித்தார். அம்மாவுக்குப் பொன்னாடை போர்த்தி, படம் எடுத்து, படியிறங்கும்போது உருவிக்கொண்டார்கள்.

கிளம்பும்போது மருதப்பனின் மனைவி ஓடி வந்தார். கையில் பிளாஸ்டிக் டப்பா. மேசையில் பத்துப் பேர் அவரவர் ஸ்பூனை விட்டுத் துழாவிய பிரியாணியை வழித்து நிரப்பியிருந்தார். "வீணாப் போயிடும்லா. எடுத்துட்டுப் போங்க, உங்களுக்குப் பழக்கம்தானே," என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். அந்த நல்ல மனதின் முகத்தில் டப்பாவை விட்டெறியவேண்டும் போல் இருந்தது இளமதிக்கு. அம்மா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

ரயிலில் அம்மா டப்பாவை மடியில் வைத்துக்கொண்டாள். நியூட்டன் நிலையத்தில் ரயில் மாறும்போது, "குடுங்கம்மா, குப்பையில போட்டுடறேன்," என்று இளமதி கை நீட்டினாள். அம்மா டப்பாவை மறுகைக்கு மாற்றிக்கொண்டாள்.

வீட்டுக் கதவைத் திறந்ததும் அம்மா நேரே சமையலறைக்குப் போனாள். சேலை மாற்றவில்லை. இரண்டு தட்டுகளை மேசையில் வைத்து டப்பாவைத் திறந்தாள். ஒரு எலும்பில் யாரோ கடித்த பல் தடம் இருந்தது.

"அம்மா, வேணாம்மா. நான் தெரியாம எழுதிட்டேன்."

"தெரியாமயா? இவ்வளவு படிச்சவ."

"மன்னிச்சிடுங்கம்மா. பணம் வேணாம்னு நாளைக்கே எழுதிப் போட்டுடறேன்."

"எதுக்கு? அப்புறம் நான் அத்தன பேரு முன்னாடி ஆமான்னு சொன்னது என்னாகுறது?" அம்மாவின் குரல் உயரவே இல்லை. "உனக்காகத்தான் சொன்னேன். சொல்லிட்டேன். இனிமே நான் பொய்க்காரியா இருக்க முடியாது மதி. இன்னிக்கு ஒரு நாளு சாப்பிட்டுடுவோம். நீ எழுதினதும் நெசமாயிடும், நான் சொன்னதும் நெசமாயிடும்."

அவள் உட்கார்ந்து ஒரு வாய் அள்ளிப் போட்டாள். முகம் சுளிக்காமல் மென்று விழுங்கினாள். பிறகு கரண்டியை டப்பாவுக்குள் விட்டு, "தட்ட நீட்டு," என்றாள்.

இளமதி நீட்டினாள்.