நூற்றைம்பது கேட்டது யார்?

1

இந்தக் கதை எனக்குக் கால்நடைச் சந்தையில், பெண்கள் கழிப்பறைக்கு வெளியே நின்ற வரிசையில் கிடைத்தது. இதைவிட மரியாதையான ஓர் இடத்தைச் சொல்ல முயன்று பார்த்தேன். முதல் மூன்று பிரதிகளில் அது தேவாலயத்துச் சாப்பாட்டு மேசையாக இருந்தது. பொய் நிற்கவில்லை. எனக்குப் பின்னால் இரண்டு பெண்கள். நான் திரும்பவில்லை. திரும்பினால் பேச்சு நின்றுவிடும்.

"தன் மேலேயே புகார் எழுதிக் குடுத்திருக்காடி."

"யாரு?"

"ஏலம் விடறாளே, வெர்னா. இல்லாத ஆளு கேட்டதா எடுத்துக்கிட்டாளாம். சோளம் உதிர்க்கிற மெஷினுக்கு."

"கூட்டத்துல எவனாவது கண்டுபிடிச்சுட்டானா?"

"ஒருத்தருக்கும் தெரியாது. அதைத்தானே சொல்றேன்? ஒருத்தருக்கும் தெரியாது!"

"அப்ப லைசென்ஸ் போயிடுமே?"

"போகும். வியாழக்கிழமை லைசென்ஸ் வாரியத்துல கூப்பிட்டிருக்காங்க."

என் முறை வந்துவிட்டது. உள்ளே போய் வெளியே வருவதற்குள் இரண்டு பேரையும் காணோம். ஆகவே வெர்னா என்ற பெயரும் அந்த யந்திரமும் வியாழக்கிழமையும்தான் அவர்கள் கொடுத்தவை. மிச்சமெல்லாம் என் பொறுப்பு.

2

தொடக்கங்கள்:

மே மாதத்து மூடுபனி ஓஹையோ ஆற்றிலிருந்து எழுந்து புல்வெளியை மெல்ல — (வேண்டாம். மூடுபனிக்கு இங்கே வேலை இல்லை.)

வெர்னா கூம்ஸுக்கு அறுபத்திரண்டு வயது. முப்பத்தொரு வருடங்களாக — (இது வாரியத்துக்கு எழுதும் விண்ணப்பம் போல இருக்கிறது.)

எனக்கு மனிதர்கள் முகமாக வருவதில்லை. பேச்சாக வருவார்கள், முகத்தைப் பிறகு நான்தான் ஒட்ட வேண்டும். எனவே அவள் வாயிலிருந்தே தொடங்குகிறேன்.

"நூறு நூறு நூறு, நூத்திப்பத்து யாரு, பத்து பத்து பத்து, குடுத்தாச்சு பத்து, இருவது எங்கே, இருவது உண்டா, அட தொப்பிக்காரரே, தலையாட்டினா காசு போகாது, ஆட்டாட்டாத்தான் மெஷின் போகும், இருவது, இருவதுக்கு வந்துட்டார், முப்பது முப்பது!"

வைக்கோல் வண்டி மேல் நிற்கிறாள். கீழே இருநூறு பேர், கையில் எண் அட்டை, சிலர் கையில் பீன்ஸ் சூப். வண்டி ஓரம் மடக்கு மேசை போட்டு, யார் எதை எவ்வளவுக்கு எடுத்தார்கள் என்று எழுதுகிறவள் நோரீன். வெர்னாவின் கணவருடைய தங்கை.*

மூச்சு விடாமல் வெர்னா கூவுவது சந்தடி மாதிரி இருக்கும். அதற்குள் இருநூறு புருவங்களையும் படித்துக்கொண்டிருப்பாள். மூக்கைச் சொறிகிறவன் யார், மூக்கைச் சொறிவது போல விலை ஏற்றுகிறவன் யார் என்று அந்த வாய் நிற்காமலே தெரிந்து வைத்திருக்கும். இப்படி ஏலம் விடுகிறவர்களை எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் என் கையிலிருக்கும் சூப் ஆறிப்போகிறது.

எம்ப்ரி என்ற பழம்பொருள் கடைக்காரர் விரலைத் தூக்கினார். "நூத்தி நாப்பது!" என்றாள் வெர்னா. "அம்பது உண்டா? நூத்தைம்பது?"

வண்டியின் பின் சக்கரத்துப் பக்கம் ஒரு செருமல்.

"நூத்தைம்பது வந்தாச்சு!"

எம்ப்ரி முகத்தைச் சுளித்துக்கொண்டு நூற்றறுபது கேட்டார். அவருக்கே விழுந்தது. யந்திரத்தைத் தூக்கிக்கொண்டு போனார். நோரீன் மட்டும் பேனாவைத் தூக்கியபடி இருந்தாள்.

"அண்ணி. நூத்தைம்பது யாரு கேட்டது?"

வெர்னா திரும்பி, சக்கரத்துக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். புல். ஒரு காலிக் கோப்பை. அதற்கப்புறம் வேலி வரைக்கும் யாரும் இல்லை.

----
* நோரீன் வாயில் வந்தது வெறும் "வெர்னா"தான். என் காதில் அது "அண்ணி" என்றே விழுகிறது. திருத்தப் போவதில்லை.

3

(கொஞ்சம் சட்டம். தாண்டிப் போக நினைப்பவர்கள் போகலாம். ஆனால் எனக்கு மெய்சிலிர்த்தது இங்கேதான்.)

இங்கே ஏலம் விட உரிமம் வேண்டும். ஒரு மூத்தவரிடம் தொழில் பழக வேண்டும், தேர்வு எழுத வேண்டும், பிணைத்தொகை கட்ட வேண்டும், வருஷா வருஷம் வகுப்புக்குப் போய்ப் புதுப்பிக்க வேண்டும். விளம்பரத் தாள் ஒவ்வொன்றிலும் உரிம எண் இருந்தாக வேண்டும். இல்லாத ஆள் பெயரில் விலையை ஏற்றினால் உரிம அட்டையை நிறுத்திவைக்கலாம், பறிக்கவும் செய்யலாம்.

ஒரு மனுஷியின் வாயிலிருந்து வரும் எண்ணுக்குப் பின்னால் ஓர் உடம்பு இருந்தே ஆக வேண்டும் என்று அரசாங்கம் உட்கார்ந்து எழுதியிருக்கிறது! நான் நாற்பது வருஷமாக, ஒருவர்கூட இல்லாத அறைகளில் ஏழெட்டுப் பேரைப் பேசவிட்டுக்கொண்டிருக்கிறேன். என்னிடம் யாரும் அட்டை கேட்டதில்லை.

இன்னொன்று. தமிழில் ஏலத்தில் விலை சொல்வதைக் 'கேட்பது' என்கிறோம். அவர் கேட்டார் என்றால் விலை சொன்னார். அவள் கேட்டாள் என்றால் காதில் வாங்கினாள். வெர்னாவின் மொழியில் இவை இரண்டும் வேறு வேறு சொற்கள். அவள் இப்படி மாட்டிக்கொள்ள வழியே இல்லை. என் மொழியில் எழுதப்போய் மாட்டிக்கொண்டாள். நூற்றைம்பது கேட்டது யார்? கேட்டவள் வெர்னாதான், வேறு யார்?

4

"இருவது டாலர் அண்ணி! எம்ப்ரிகிட்ட திருப்பிக் குடுத்தாச்சு. அந்த ஆளே வேண்டாம்னு சிரிச்சான். அப்புறம் எதுக்கு இந்தப் புகார்ப் படிவம்?"

"படிவத்துல ஒரு கட்டம் இருக்கு பாரு. 'கேட்டவர் பெயர்'."

"பாத்தேன்."

"அதுல என்ன எழுதறது?"

"ஒண்ணும் எழுத வேண்டாம். படிவமே எழுத வேண்டாம்! முடி வெட்டறவனுக்கு லைசென்ஸ், பொணத்தைக் குளிப்பாட்டறவனுக்கு லைசென்ஸ். அவனுங்கள்ளாம் தினம் போய்த் தன்னைத் தானே காட்டிக் குடுக்கறானா?"

வெர்னா காப்பியைச் சுற்றிச் சுற்றிக் கலக்கினாள். சர்க்கரை போடாத காப்பி.

"அது ஹார்லன் செருமல், நோரீன்."

ஹார்லன் ஸ்பர்லாக்கை நோரீனுக்கும் தெரியும். முப்பது வருஷம் எல்லா ஏலத்துக்கும் வந்து, பின் சக்கரத்துக்குப் பின்னால் நின்று, தான் கேட்பது அடுத்தவனுக்குத் தெரியக் கூடாதென்று தொண்டைச் செருமலிலேயே விலை சொன்ன மனுஷன்.

"ஹார்லன் பிப்ரவரியில செத்துட்டாரு அண்ணி."

"தெரியும். பெட்டியைத் தூக்கினதுல நானும் ஒருத்தி."

5

ஹார்லன் மேல் எனக்குச் சந்தேகம் இருக்கிறது.

முதலில் அந்த ஏலத்தை அவருடைய பண்ணையிலேயே வைத்திருந்தேன்: அவர் செத்து, அவர் யந்திரமே விற்பனைக்கு வந்து, அதை அவரே — அடித்துவிட்டேன். அவ்வளவு கச்சிதமாக யாரும் சாவதில்லை. இப்போது அது யாரோ ஒருவருடைய பண்ணை, யாரோ ஒருவருடைய யந்திரம்.

ஒரு பிரதியில் செருமியது கன்றுக்குட்டி. இன்னொன்றில் லாரியின் பிரேக். இரண்டையும் வெர்னாவிடம் காட்டினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். "மாடு கத்தினா எனக்கு மாடுன்னு தெரியாதா?" என்றாள். சரி என்று எடுத்துவிட்டேன். அவளிடம் வாதாட முடியவில்லை. அந்தக் காதை அவளுக்குக் கொடுத்தது நான்தான் என்றாலும்.

6

வியாழன், காலை பத்து மணி. தலைநகரில் ஓர் அலுவலகம், நீள மேசை, தண்ணீர்க் குடுவை. வாரியத்து ஆட்கள் நாலு பேர், அவர்களுடைய வக்கீல் ஒருவர், தட்டச்சு செய்கிற பெண். வெர்னாவுக்குப் பின் நாற்காலியில் நோரீன். தலைவர் கெய்தரும் தலைமுறை தலைமுறையாக ஏலம் விடுகிறவர்தான்.

"உக்காருங்க கர்னல்*," என்றார் வெர்னாவைப் பார்த்து.

வக்கீல் நல்லவர். தப்பிக்கக் கதவு கதவாகத் திறந்து காட்டினார்.

"நல்லெண்ணத்துல நடந்த தப்புக்குச் சட்டத்துல எடம் இருக்கும்மா. யாராவது கையை வீசி ஈ ஓட்டியிருக்கலாம் இல்லையா?"

"நான் கையைப் பாக்கலைங்க. சத்தம் வந்தது."

"யாரோ தொண்டையைச் சரி பண்ணியிருக்கலாம்."

"அந்தப் பக்கம் யாரும் இல்லைங்க."

"அப்ப, யாரும் கேக்கலேன்னு ஒத்துக்கறீங்க."

"இல்லைங்க. கேட்டாங்க. ஆளுதான் இல்ல."

தட்டச்சுப் பெண்ணின் விரல்கள் நின்றன. கெய்தர் கண்ணாடியைக் கழற்றினார்.

"கர்னல், நீங்க சொல்றதை நான் எந்தக் கட்டத்துல எழுதறது?"

"எனக்கும் அதான் தெரியல சார். அதனாலதான் உங்ககிட்ட வந்தேன். என் வாயில வர்ற எண்ணை நம்பலாம்னு இந்த அட்டையைக் குடுத்தீங்க. ஒரு எண்ணுக்கு என்னால ஆள் காட்ட முடியல. வெச்சுக்கலாமா, திருப்பிக் குடுக்கணுமா? நீங்களே சொல்லுங்க. அட்டை இல்லேன்னா எனக்கு வேற ஒண்ணும் தெரியாது. ஆனா இதை நானே முடிவு பண்ணிக்கக் கூடாது."

எனக்கு இந்த இடத்தில் கை நின்றுவிட்டது. இவளுக்கு இந்த வார்த்தைகளை நான் கொடுத்ததாக நினைவில்லை.

கெய்தர் தன் பேனாவை எடுத்து மேசை நடுவில் வைத்தார்.

"இதை ஏலம் விட்டுக் காட்டுங்க. அதே எண்ணு, அதே வேகம். நான் எம்ப்ரி. நூத்தி நாப்பது வரைக்கும் விரலைத் தூக்குவேன். அதுக்கப்புறம் இந்த ரூம்ல ஒருத்தரும் மூச்சுகூடச் சத்தமா விட மாட்டாங்க. யாரும் கேக்காம நீங்க நூத்தைம்பதை எடுத்துக்கிட்டீங்கன்னா, மன்னிக்கணும் கர்னல், அந்தக் காது இந்தத் தொழிலுக்கு ஆகாது, அட்டையை வாங்கிக்கறோம். எடுக்கலேன்னா, அன்னிக்கு ஒரு நாள் தப்புன்னு எழுதிடறேன். வீட்டுக்குப் போலாம்."

நோரீன் பின்னாலிருந்து வெர்னாவின் சட்டையை இழுத்தாள்.

"அண்ணி. எதையும் கேக்காதீங்க. அது போதும். கேக்காதீங்க."

"கேட்டா?"

"கேக்காத மாதிரி இருந்துடுங்க."

"கேட்டதை விட்டுடறதும் பொய்தான் நோரீன். அதே பொய்யைத் திருப்பிப் போட்டது."

"ஐயோ, உங்க காதுல இடி விழ!"

----
* இங்கே ஏலம் விடுகிறவர்களைக் கர்னல் என்றுதான் கூப்பிடுவார்கள். துப்பாக்கி பிடித்திருக்க வேண்டிய அவசியமில்லை.

7

முடிவுகள்:

அ) கெய்தருக்குத் தும்மல் வருகிறது. எல்லோரும் சிரிக்கிறார்கள். (செவ்வாய்க்கிழமை எழுதியது. நானும் சிரித்தேன். புதன்கிழமை வெட்கமாக இருந்தது.)

ஆ) ஒரு சத்தமும் இல்லை. உரிமம் தப்பியது. திரும்பும் வழியில் நோரீன் ஆப்பிள் பணியாரம் வாங்கித் தருகிறாள், வெர்னா பாதியைத் தின்றுவிட்டு, "அப்ப அன்னிக்கு —" (இதற்குமேல் அவள் பேசமாட்டேன் என்கிறாள்.)

இ) ஹார்லன் செருமுகிறார். (செத்தவர்களைக் கூப்பிடும் உரிமம் என்னிடம் இல்லை.)

இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு பழைய பக்கங்களை முதலிலிருந்து வாய்விட்டுப் படித்தேன். எதையும் அப்படித்தான் சரி பார்ப்பேன். பேச்சு நாக்கில் நிற்கிறதா என்று தெரிய வேறு வழி இல்லை. வைக்கோல் வண்டி. எம்ப்ரி விரலைத் தூக்குகிறார். நூற்று நாற்பது. "அம்பது உண்டா?" அந்த இடத்தில் எனக்குத் தொண்டை கட்டியது. செருமினேன்.

அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

ஏனென்றால் முதல் தடவை எழுதிய அன்றும் வாய்விட்டுத்தான் படித்தேன். அன்றும் அதே இடத்தில் செருமியிருக்கலாம். சத்தியம் பண்ண மாட்டேன். ஆனால் அந்தப் புல்வெளியில், எண் அட்டை இல்லாமல், யார் கண்ணிலும் படாமல் ஓர் ஆள் நின்றுகொண்டுதான் இருந்திருக்கிறது. இருநூறு பேருக்கும் தெரியாத அந்த ஆளை அவள் ஒருத்தி கேட்டிருக்கிறாள். தனக்குத் தெரிந்த பெயரை அதற்கு வைத்திருக்கிறாள்.

தன்னை எழுதுகிறவள் தொண்டையைக் கேட்கிற காது! அதை ஒரு பேனாவை வைத்துச் சோதிக்கிறார்கள்.

எனவே இந்தக் கடைசிப் பகுதியை உதட்டை இறுக்கிக்கொண்டு எழுதுகிறேன். எழுதியதும் அறையைவிட்டுப் போய்விடுவேன். அப்புறம் அங்கே இருக்கப்போவது, இதைப் படிக்கிற நீங்கள்.

வெர்னா எழுந்து நிற்கிறாள். நூறிலிருந்து தொடங்குகிறாள். பத்து, இருபது, முப்பது. கெய்தரின் விரல் ஏறி இறங்குகிறது. தட்டச்சுப் பெண் தாளத்துக்குத் தன்னையறியாமல் தலையாட்டி, பயந்துபோய் நிறுத்துகிறாள். நூற்று நாற்பது. கெய்தர் இரண்டு கைகளையும் மேசைக்கு அடியில் வைத்துக்கொள்கிறார். வக்கீல் எச்சிலை விழுங்காமல் வைத்திருக்கிறார். நோரீன் வாயைப் பொத்திக்கொண்டிருக்கிறாள். எட்டுத் தொண்டைகள், ஒன்றில்கூட அசைவில்லை.

நீங்கள் அசையாவிட்டால் அட்டை அவளிடம் இருக்கும். அன்று தான் கேட்டது வெறும் காற்று என்று மிச்ச நாளெல்லாம் நினைத்துக்கொள்வாள். செருமினால் அந்த அறையில் வேறு யாருக்கும் கேட்காது. அவளுக்குக் கேட்கும். கேட்டதைக் கேட்டேன் என்பாள்.

"நூத்தி நாப்பது இருக்கு," என்கிறாள் வெர்னா. "நூத்தைம்பது?"

தலையைக் கொஞ்சம் சாய்க்கிறாள், உங்கள் பக்கம்.