தலை இடிக்கும் அறை

எங்கள் கடைச் சன்னலில் ரொட்டிக்கு முன்னால் இறந்தவர்கள்தான் கண்ணில் படுவார்கள். வெனிஸில் எங்கள் கஸ்தெல்லோ பகுதியில் யார் இறந்தாலும், படமும் அடக்கத் தேதியும் போட்ட ஒரு தாள் கடைக்கு வந்துவிடும். அதைக் கண்ணாடியில் ஒட்டுவது என் வேலை. வாடிக்கையாளர்கள் முதலில் அந்த முகத்தைப் பார்ப்பார்கள், சிலுவை போட்டுக்கொள்வார்கள், பிறகுதான் உள்ளே வந்து, "நல்லா வெந்ததாப் பாத்து ஒண்ணு குடு, ஜில்டா" என்பார்கள்.

ஒர்சோலா மட்டும் அந்தச் சன்னல் பக்கம் திரும்பவே மாட்டாள். அவள் உள்ளே அடுப்படியில் மாவு பிசைகிறவள். எட்டாத உயரத்துக்கெல்லாம் ஒரு பழப்பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு ஏறி நிற்கும் அளவுக்குக் குள்ளம். ஆனால் நீளப் பலகையில் ரொட்டி அடுக்கித் தோளில் தூக்கிக்கொண்டு போகும்போது அவளுக்கு வழிவிடாதவர் கிடையாது.

வெனிஸில் வீடு தேடுகிறவர்கள் அந்தத் தாள்களை வேறு கண்ணோடு படிப்பார்கள். இறந்தவர் தனி ஆளா? எந்த மாடி? பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள்? இதெல்லாம் வெளியே யாரும் ஒப்புக்கொள்ளாத கணக்கு. ஒர்சோலாவும் வீடு தேடிக்கொண்டிருந்தாள். ஆனாலும், "பொணத்தைத் தாண்டி வீட்டுக்குள்ள போக மாட்டேன்டி" என்று என்னிடம் சொல்லியிருந்தாள்.

கடைக்குப் பின்னால் இரண்டு சந்து தள்ளித்தான் அவள் பிறந்தாள். வாடகைக்கு இருந்த வீட்டை உரிமையாளர் போன வசந்தத்தில் விற்றுவிட்டார். இப்போது அங்கே வாரத்துக்கு ஒரு குடும்பம் சக்கரப் பெட்டியோடு வந்து போகிறது. ஒர்சோலா கடல்மேல் போகும் நீண்ட பாலத்துக்கு அந்தப் பக்கம், நிலப்பகுதியில் உள்ள மெஸ்த்ரேவில், அண்ணன் வீட்டுக் கூடத்தில் படுக்கிறாள். விடியுமுன் பேருந்தில் பாலத்தைக் கடந்து, அங்கிருந்து படகு பிடித்து வந்து சேர வேண்டும். மூடுபனி இறங்கினால் படகு ஓடாது. படகு ஓடாவிட்டால் மாவு பொங்கி வழியும்.

அக்டோபரில் மூடுபனி வந்தது. ஒரே வாரத்தில் ரொட்டி மறுபடி மறுபடி தாமதமானது. பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டிய கூடை, பிள்ளைகள் வீடு திரும்பும் நேரத்தில் போய்ச் சேர்ந்தது. முதலாளி துல்லியோ ஏப்ரனைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"இங்க பாரு குள்ளச்சி. உன் கை மாதிரி கை எனக்குக் கிடைக்காது. ஆனா மெஸ்த்ரேல இருக்கிற கையை வெச்சு நான் என்ன பண்ண? நவம்பர் முடியறதுக்குள்ள நடந்து வர்ற தூரத்துல இடம் பாரு. இல்லேன்னா வேலை கேட்டு வந்தானே, அந்த வங்காளப் பையனை எடுத்துக்கிறேன். அவன் மச்சான் வீடு பக்கத்துச் சந்துல."

"நீங்க மட்டும் லீதோ தீவுல இருந்து வரலாமா முதலாளி?"

"எனக்குச் சொந்தப் படகு இருக்கு. என் படகுக்குக் கண்ணு வேண்டாம். வழி மனப்பாடம்."

ஒர்சோலா மாவை எடுத்துப் பலகையில் அறைந்தாள். அன்று அவள் அறைந்த சத்தத்தில் என் கல்லாப் பெட்டி குலுங்கியது.

அவள் தேடாத இடமில்லை. வேலை முடிந்ததும் மாவு படிந்த செருப்போடு கிளம்பிவிடுவாள். வாசல்களில் அழைப்புமணிப் பலகைகளைப் படிப்பாள். பித்தளையில் குடும்பப் பெயர் தேய்ந்திருந்தால் அங்கே ஆள் குடியிருக்கிறது என்று அர்த்தம். 'காதலர் கால்வாய்', 'தங்கச் சிங்கம்' என்று புதுப் பலகை பளபளத்தால் சுற்றுலாப் பயணிகளுக்கு விடும் வீடு. கதவோரம், பயணிகள் எண்ணைத் திருகித் தாங்களே சாவி எடுத்துக்கொள்ளும் சாவிப்பெட்டி தொங்கினால் நிற்கவே மாட்டாள். நானும் சில நாள் கூடப் போனேன். ஒரு தரகர் கணினியிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டார்:

"மூணு ராத்திரியா, ஒரு வாரமா?"

"சாகிற வரைக்கும்."

"அந்த மாதிரித் திட்டம் எங்ககிட்ட இல்லீங்க."

ஒரு தரைத்தள அறையில் பழைய வெள்ளத்தின் கறை ஒர்சோலாவின் கழுத்துக்கு நேராக இருந்தது. ஜுதெக்கா தீவில் ஓர் அறை மலிவாகக் கிடைத்தது. ஆனால் அதற்கும் படகு வேண்டும். ஒரு விதவை தன் வீட்டு சோபாவைத் தருகிறேன் என்றாள். தினமும் மாலை கூட உட்கார்ந்து ஜெபமாலை சொல்ல வேண்டும், வெங்காயம் வதக்கக் கூடாது. ஜெபமாலைக்குச் சரி என்று சொல்லிவிட்ட ஒர்சோலா, வெங்காயத்தில் எழுந்து வந்துவிட்டாள்.

நவம்பர் பாதி கரைந்திருந்தது. அன்று காலை நான் ஒரு புதுத் தாளை ஒட்டிக்கொண்டிருந்தேன். அல்வீசே பலாரின், படகோட்டியாக இருந்து ஓய்வு பெற்றவர். தொப்பி போட்டு, ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு, வெயிலைப் பார்த்து நிற்கும் படம்.

"ஐயோ, நம்ம அல்வீசே!" என்றாள் ரொட்டி வாங்க வந்த வாண்டா. "கிணத்து முற்றத்துல, பச்சைச் சன்னல் வீடு. பொண்டாட்டி போனதுல இருந்து மனுஷன் தனியாத்தான் கிடந்தார். பாவம்."

அடுப்படியில் பலகைச் சத்தம் நின்றது. ஒர்சோலா வெளியே வந்தாள். முதல் தடவையாகச் சன்னலுக்கு முன்னால் போய் நின்றாள். மூக்கு கண்ணாடியில் படும் அளவுக்கு எக்கிப் பார்த்தாள்.

"பொணத்தைத் தாண்ட மாட்டேன்னு சொன்னியே?" என்றேன் மெதுவாக.

"தாண்டப் போறதில்ல. முன்னால நின்னு மன்னிப்புக் கேட்டுட்டு, பக்கவாட்டுல போகப் போறேன்."

மதியமே போய் அந்த முற்றத்தின் வெளிக்கதவைப் பார்த்துவிட்டு வந்தாள். "பித்தளையில பலாரின்னு இருக்குடி. தேஞ்ச பேரு. சாவிப்பெட்டி கிடையாது." அவள் முகத்தில் பல மாதங்களாகக் காணாத ஒரு வெளிச்சம். அடக்கத்தன்று, உலர்திராட்சை போட்ட மஞ்சள் சோள பிஸ்கட்டுகளை ஒரு பொட்டலம் கட்டிக்கொண்டாள். தனியாகப் போகக் கூச்சமாக இருக்கிறதென்று என்னையும் இழுத்துக்கொண்டாள்.

கோவிலில் எங்களுக்குப் பின்வரிசையில் இரண்டு பெண்கள்.

"அடுப்படிக்காரி எதுக்கு வந்திருக்கா? சொந்தமா?"

"சதுர அடி சொந்தம்."

ஒர்சோலாவின் காது சிவந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. சவப்பெட்டியைப் படகில் ஏற்றும்போது பலாரினின் மகள் மொரேனா வாசலில் நின்று கைகொடுத்துக்கொண்டிருந்தாள். ஒர்சோலா அவளருகே போய், கையைப் பிடித்து, வாயைத் திறந்து, மூடி, பொட்டலத்தைக்கூடக் கொடுக்காமல் வந்துவிட்டாள்.

"கேக்க முடியலடி. அவ கை சில்லுன்னு இருந்துச்சு."

"அப்ப கடைக்குப் போலாம் வா."

"இல்ல. வீட்டு வாசலுக்குப் போறேன். அவ திரும்பி வரட்டும். நாளைக்குன்னா வேற யாராவது முந்திக்குவாங்க."

கிணற்று முற்றத்தின் வெளிக்கதவு அன்று திறந்திருந்தது. உள்ளே போனதும் நாங்கள் இருவரும் அப்படியே நின்றோம். பச்சைச் சன்னல் வீட்டு வாசலில் நான்கு சக்கரப் பெட்டிகள். அவற்றைச் சுற்றி ஒரு குடும்பம். அப்பா குனிந்து சுவரில் எதையோ திருகிக்கொண்டிருந்தார். சாவிப்பெட்டி. வெளியே தெரியாமல் உள்வாசலில் தொங்கியிருக்கிறது.

கறுப்பு உடையில் வந்த ஒர்சோலாவைக் கண்டதும் அந்தம்மா முகம் மலர்ந்து ஏதோ மொழியில் நன்றி சொல்லி, அழுகிற குழந்தையை நீட்டினாள். வீட்டைத் திறந்துவிட வந்தவள் என்று நினைத்துவிட்டாள். ஒர்சோலா குழந்தையை வாங்கிக்கொண்டாள். வேறென்ன செய்வது? பொட்டலத்தைப் பிரித்து அதன் கையில் ஒரு பிஸ்கட் வைத்தாள். அழுகை நின்றது.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. அல்வீசே பலாரின் எத்தனையோ வருஷத்துக்கு முன்பே மெஸ்த்ரேவுக்குப் போய்விட்டவர். அது வாண்டாவுக்குத் தெரியும். யோசித்திருந்தால் எனக்கும் தெரிந்திருக்கும். ஆனால் இந்த ஊரில் பாலம் தாண்டிப் போனவர்களை யாரும் போனவர்களாக எண்ணுவதில்லை. எங்கே இறந்தாலும் தாள் பழைய தெருவுக்குத்தான் வரும், பழைய வீட்டைச் சொல்லித்தான் வருத்தப்படுவோம். அந்தத் தாளை ஒட்டியவள் நான்தான்.

மொரேனா குதிகால் செருப்பில் ஓடிவந்தாள். கல்லறைத் தீவுக்குப் போன படகில் அவள் ஏறவில்லை போலிருக்கிறது. "நம்பரை மாத்திட்டேன், சொல்ல மறந்துட்டேன், இன்னைக்குப் பாத்து..." என்று தனக்குள் பேசிக்கொண்டே சாவிப்பெட்டியைத் திருகினாள். குடும்பம் உள்ளே போனது. குழந்தை கைமாறியது. பிறகு எங்களைப் பார்த்தாள்.

"நீங்க ரெண்டு பேரும் கோவில்ல இருந்தீங்க. அப்பாவுக்கு வேண்டியவங்களா?"

ஏதாவது சொல்லிச் சமாளிக்கட்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன். ஒர்சோலா நிமிர்ந்து நின்றாள்.

"இல்லீங்கம்மா. அவரை நான் பாத்ததே இல்ல. வீடு காலியாகும்னு வந்தேன்."

முற்றத்தில் ஒரு புறா நடந்து போனது. மொரேனா சிரித்தாள், அழுகைக்குப் பக்கத்தில் இருக்கும் சிரிப்பு.

"கொஞ்சம் பொறுத்திருக்கலாமே. அவரைப் படகுல ஏத்தி ஒரு மணி நேரம் ஆகல."

"பொறுத்தா வேலை போயிடும். தப்புதான். மன்னிச்சிடுங்க."

"மன்னிச்சு என்ன பண்ண? அப்பா மெஸ்த்ரேல, லிஃப்ட் இல்லாத நாலாவது மாடில இருந்தார். அந்த மாடி வாடகைக்கு இந்த வீடுதான் சம்பாதிச்சுப் போட்டுச்சு. இது காலியாகாது. போயிட்டு வாங்க."

அவள் உள்ளே திரும்பினாள். என்னவோ இடித்த சத்தம். படிக்கட்டு நடுவில் அந்தக் குடும்பத்து அப்பா நெற்றியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மாடி என்று நினைத்துப் பாதி வழியில் ஒரு சின்னக் கதவைத் திறந்து நுழைந்திருக்கிறார்.

"அங்க இல்ல, மேல, மேல!" என்று மொரேனா கத்தினாள். பிறகு சலிப்போடு, "தினமும் ஒருத்தன் இடிச்சுக்கிறான்" என்றாள்.

நான் ஒர்சோலாவின் முழங்கையைப் பிடித்து இழுத்தேன். அவள் நகரவில்லை.

"அது என்ன அறை?"

"இடைத்தட்டு. அப்பா துடுப்பு, கயிறெல்லாம் போட்டு வெச்சிருந்தார். பயணிகளுக்கு விடலாம்னு கேட்டேன். உயரம் பத்தாதுன்னு நகராட்சி அனுமதி தரல. நல்லதாப் போச்சு, இல்லேன்னா எல்லாரும் இடிச்சுக்கிட்டு எனக்கு ஒத்தை நட்சத்திரம் போட்டிருப்பாங்க."

"உள்ள பாக்கலாமா?"

கேட்டுக்கொண்டே ஏறிவிட்டாள். நாங்கள் பின்னால் குனிந்து போனோம். ஒர்சோலா குனியவில்லை. நடு அறையில் நிமிர்ந்து நின்று கையைத் தூக்கி உத்தரத்தைத் தொட்டாள். வாழ்நாளில் முதல் தடவையாகப் பழப்பெட்டி இல்லாமல் அவளுக்கு ஒரு கூரை எட்டியது. ஒரு சன்னல், கால்வாயைப் பார்த்து. ஒரு கல் தொட்டி, குழாயோடு. மூலையில் துடுப்புகள்.

"மெஸ்த்ரேல அண்ணனுக்குக் குடுக்கிற அதே வாடகை தர்றேன். மாசம் பொறந்ததும் கையில."

"இங்கயா? இது மனுஷங்க இருக்கிற இடமா?"

"யார் உயரத்துக்கு மனுஷங்கன்னு சொல்றீங்க?"

மொரேனாவின் உதடு அசைந்தது. உத்தரத்துக்குக் கீழே கழுத்தைச் சாய்த்துக்கொண்டு அவள் யோசித்தாள்.

"வர்றவங்களுக்குச் சாவி குடுக்கணும், படுக்கை விரிப்பு மாத்தணும். அப்படின்னா பாதி வாடகை போதும்."

"வேண்டாம். முழு வாடகை வாங்கிக்குங்க. நான் ரொட்டி போடறவ, சாவி குடுக்கிறவ இல்ல. கடல் தண்ணி ஏறுற நாள்ல, உள்ள வராம வாசல் பலகையைச் சொருகிடறேன். விடியுமுன்ன எழுந்திருக்கிறவ நான்தானே. அதுக்குமேல எதுவும் கிடையாது. இன்னொண்ணு, வெளிக்கதவு மணிப்பலகையில என் பேரு வேணும்."

"பேரு எதுக்கு?"

"பேரு இல்லேன்னா நான் இங்க தங்கியிருக்கேன். பேரு இருந்தா குடியிருக்கேன்."

மொரேனா கறுப்புக் கையுறையைக் கழற்றி ஒரு துடுப்பின் மேல் தூசியைத் துடைத்தாள்.

"அங்க அப்பா பேரு இருக்கு. வீட்டை விட்ட அன்னைக்கே எடுக்கச் சொன்னேன், அவர் விடல. இப்ப எடுக்கணும்."

"எதுக்கு எடுக்கணும்? கீழ இடம் இருக்கு. என் பேரு சின்னதுதான்."

இறங்கும்போது ஒர்சோலா மிச்சமிருந்த பிஸ்கட் பொட்டலத்தை மொரேனாவின் கையில் வைத்தாள். அவள் அந்தப் படிக்கட்டிலேயே உட்கார்ந்து ஒன்றை எடுத்துத் தின்ன ஆரம்பித்தாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. நாங்கள் சத்தமில்லாமல் வெளியே வந்துவிட்டோம்.

நவம்பர் கடைசியில் வந்த மூடுபனி, அந்த வருஷத்திலேயே அடர்த்தியானது. எதிர்ச்சுவர் தெரியவில்லை. நான் சுவரைத் தடவித் தடவிக் கடைக்கு வந்தபோது உள்ளே விளக்கு எரிந்தது, முதல் அடுக்கு ரொட்டி வெந்து வெளியே வந்திருந்தது. ஒர்சோலா பழப்பெட்டிமேல் நின்று இரண்டாவதைத் தள்ளிக்கொண்டிருந்தாள். துல்லியோவைக் காணோம்.

பள்ளிக்கூடக் கூடை கிளம்பிப் போனபிறகுதான் அவர் வந்தார். மீசையெல்லாம் ஈரம்.

"சாந்த் எராஸ்மோ தீவுக்குப் போயிட்டேன்" என்றார் யாரையும் பார்க்காமல். "லீதோல கிளம்பி, நேரா இங்கதான் வந்தேன். இறங்கிப் பாத்தா கூனைப்பூத் தோட்டம்."

ஒர்சோலா பெட்டியிலிருந்து இறங்கினாள். கையிலிருந்த மாவைத் தட்டினாள்.

"நடந்து வர்ற தூரத்துல ஒரு இடம் பாருங்க முதலாளி."