அண்ணன் கேட்ட வாய்க்கரிசி

சங்கரேஸ்வரி வருகிறாள் என்றாலே விஜயசங்கர் கேட்டைப் பூட்டிவிடுவான். சொந்த அத்தைதான், அப்பாவின் உடன்பிறந்தவள்தான். ஆனால் அவள் கையில் பைபிள் இருக்கிறதே. ஞானஸ்நானம் எடுத்த நாளிலிருந்து குத்துக்கல்வலசை ஊரில் அவளுக்கு நல்ல பேர் கிடையாது. ஜெபம் பண்ணப் போன ஒரு வீட்டில் நாயை அவிழ்த்துவிட்டார்கள், இன்னொரு வீட்டில் சாணித் தண்ணீரை ஊற்றினார்கள். அவளோ சேலையைப் பிழிந்துவிட்டு அடுத்த வீட்டு வாசலில் போய் நிற்பாள். அப்படி ஒரு அழுத்தக்காரி.

மற்ற வீடுகள் கிடக்கட்டும். அண்ணன் அய்யாத்துரையை நினைத்தால்தான் அவளுக்குச் சோறு இறங்காது. ஏட்டாக இருந்து ஓய்வு பெற்ற மனிதர், பக்கவாதம் வந்து கட்டிலோடு கிடந்தார். இயேசுவை ஏற்றுக்கொள்ளாமல் போய்விட்டால் மறுமையில் அண்ணன் முகத்தைப் பார்க்கவே முடியாது என்று அவள் மெய்யாகவே நம்பினாள். செவ்வாய்தோறும் சாரலில் நனைந்துகொண்டு, பூட்டிய கேட்டுக்கு வெளியே நின்று, அண்ணன் படுத்திருக்கும் ஜன்னலைப் பார்த்து ஜெபம் பண்ணுவாள். குற்றாலத்துக்குப் போகிற கார்கள் அவள்மேல் சகதியை அடித்துவிட்டுப் போகும்.

"போலீஸ்காரர் வீட்டு முன்னாலயே மதம் மாத்த வாறியளோ?" என்று விஜயசங்கர் உள்ளேயிருந்து சத்தம் போடுவான்.

"எங்கண்ணனுக்கு ஜெபம் பண்ணுதேன்யா," என்பாள். அவ்வளவுதான், நகரமாட்டாள்.

ஆடியில் ஒரு செவ்வாய், விஜயசங்கர் தென்காசிக்குப் போயிருந்த நேரம், மதினி ஆவுடைத்தாயே வந்து கேட்டைத் திறந்தாள். "ஒங்கண்ணன் கூப்பிடுதாவ. சட்டுனு வந்துட்டுப் போ."

அண்ணனுக்குப் பேச்சு குழறியது. "ஏட்டி சங்கரி, நீ சொல்லுதத கேக்கேன். ஜெபமும் பண்ணு. ஆனா நான் செத்தா நீ எனக்கு வாய்க்கரிசி போடணும். கூடப்பொறந்தவ கை அரிசி இல்லாம என்னால போக முடியாது."

அவள் காத்துக்கிடந்த நேரம் இதுதான். சரி என்று ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருக்கலாம். ஆனால் பிணத்துக்குச் செய்கிற சடங்கில் கை வைக்கவே கூடாது என்று அவள் சபையின் பாஸ்டர் பிரின்ஸ் சொல்லிக்கொடுத்திருந்தார். அண்ணனிடம் பொய் சொல்லவும் அவளுக்கு வராது. பாவி மகள், யோசிக்கக்கூட இல்லை.

"அது மட்டும் முடியாதுண்ணே. மத்தது என்ன வேணும்னாலும் கேளுங்க."

அய்யாத்துரை முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அவள் ஜெபம் பண்ணி முடிக்கிறவரை அவர் திரும்பவே இல்லை.

அந்த வாரமே இறந்துபோனார். குளிப்பாட்டிக் கிடத்தியபின், பெண்கள் ஒவ்வொருத்தியாகச் சுற்றிவந்து அவர் வாயில் அரிசி போட்டார்கள். சங்கரேஸ்வரி மூலையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பாஸ்டர் சொன்னதெல்லாம் எங்கேயோ போய்விட்டது, அண்ணன் கேட்டதுதான் காதில் நின்றது. ஒரு பிடி அரிசியை அள்ளிக்கொண்டு அவளும் வரிசையில் போய் நின்றாள்.

விஜயசங்கர் அவள் கையைப் பிடித்து நிறுத்தினான். அம்மா அவனிடம் சொல்லியிருந்தாள் போலும். இந்த முறை அவன் சத்தம் போடவில்லை.

"உசுரோட இருக்கும்போது கேட்டாவல்ல, அத்தை. அப்ப முடியாதுன்னுட்டு இப்ப யாருக்குப் போட வாறிய?"

மடக்கிய கையோடு வீடு வந்து சேர்ந்தாள். விரித்தபோது அரிசி உள்ளங்கையில் ஒட்டிக்கிடந்தது.

அடுத்த செவ்வாய் அவள் அந்தப் பக்கம் தலைகாட்டமாட்டாள் என்றுதான் தெருவே நினைத்தது. போனாள். கேட் பூட்டியிருக்கவில்லை. கட்டிலை எடுத்துவிட்டிருந்தார்கள். அந்த இடத்தில் ஆவுடைத்தாய் பாயை விரித்து உட்கார்ந்திருந்தாள்.

"இனி யாருக்குட்டி ஜெபம்?"

"ஒங்களுக்குத்தான் மதினி."

ஆவுடைத்தாய் அவளை நிமிர்ந்து பார்த்தாள். "நான் செத்தா எனக்காச்சும் வாய்க்கரிசி போடுவியா?"

பாஸ்டருக்குத் தெரிந்தால் சங்கரேஸ்வரியைச் சபையை விட்டே தள்ளிவைத்தாலும் வைப்பார்கள்.

"போடுதேன் மதினி."

"இத அவியகிட்ட சொல்லியிருக்கலாம்லாட்டி," என்று ஆவுடைத்தாய் அழ ஆரம்பித்தாள்.

சங்கரேஸ்வரி பைபிளைத் திறக்காமல் மடியில் வைத்துக்கொண்டு, அவள் அழுது முடிக்கட்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்தாள்.