சிவப்பு நூல் கட்டிய கம்பி

தையல்காரி அன்றைக்குக் கடையைத் திறக்கவில்லை. ஊசியில் நூல் கோக்கவே மனசு ஓடாதபோது ஊரார் துணியில் எப்படிக் கத்திரி வைப்பது? மிஷின் டிராயரில், பட்டன் டப்பாவுக்கு அடியில், மகள் பெயருக்கு வந்த கவர் மூன்று நாளாகக் கிடந்தது. அடுத்தவர் கடிதத்தைப் பிரிப்பது தப்பு என்று அவளுக்கும் தெரியும். ஆஸ்பத்திரி முத்திரையைப் பார்த்ததும் கை முந்திக்கொண்டது. உள்ளே மகளின் மூளையை ஸ்கேன் செய்து எடுத்த படம், கூடவே ஒரு தாள். பிறக்கும்போதே எச்ஐவி தொற்றிய பிள்ளைகள் சிலருக்கு மூளையில் சில பகுதிகள் கொஞ்சம் சிறுத்துத் தெரிகின்றன, உங்கள் படத்திலும் அப்படித் தெரிகிறது, ஒன்றை நினைவில் பிடித்துவைப்பது சிரமமாக இருக்கலாம் என்று எழுதியிருந்தார்கள். இதை வைத்து ஒருவருடைய திறமையை அளந்துவிட முடியாது என்று கடைசி வரியும் இருந்தது. பாவி மனசு கடைசி வரி வரைக்கும் போகுமா? ‘சிறுத்து’ என்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டது. கொடுத்தது நான்தானே, என் வயிற்றில் வந்து பிறந்ததற்கு இதுவா பலன் என்று மூன்று நாளாக அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அதுவும் எந்த நேரத்தில் வந்து தொலைத்தது பாருங்கள்! மகளுக்கு இன்று சைக்கிள் கடையில் சோதனை. இரண்டு வருஷமாகப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருக்கிறாள். கோட்டம் எடுக்கும் மேஜைக்கு ஆள் தேவைப்பட்டது. சக்கரத்தை ஸ்டாண்டில் மாட்டிச் சுற்றவிட்டு, கம்பி கம்பியாக முறுக்கியும் தளர்த்தியும் அதன் ஆட்டத்தை எடுக்கிற வேலை. கடையில் மரியாதையே அந்த மேஜைக்குத்தான். மதியம் ஒரு மணிக்குள் மூன்று சக்கரம் முடிக்க வேண்டும். அவளோடு போட்டிக்கு நிற்கிறவனுக்குப் பட்டப்பெயர் புயல். இவளோ எந்தக் கம்பியில் தொடங்கினோம் என்பதைப் பாதியில் மறந்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து வருகிறவள். போதாக்குறைக்கு, ஒரு மாதமாகத் தையல் கூடையிலிருந்து சிவப்பு நூல் காணாமல் போய்க்கொண்டிருந்தது. “நூல என்னடி பண்றே, திங்கிறியா?” என்று கேட்டதற்குச் சிரித்துவிட்டுப் போய்விட்டாள்.

சாப்பாடு கொடுக்கிற சாக்கில் தையல்காரி பதினோரு மணிக்கே கடை வாசல் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். புயலின் கை பறந்தது. மகள் சட்டைப் பையிலிருந்து சிவப்பு நூலை எடுத்து, காற்றடிக்கும் வால்வுக்கு அடுத்த கம்பியில் கட்டினாள். பிறகு ஒவ்வொரு கம்பியாக விரலால் தொட்டு, வாய்க்குள் எண்ணி, கால் சுற்று முறுக்கினாள். நூல் திரும்பி வந்ததும் நின்றாள்.

“சக்கரத்துக்கு ரிப்பன் கட்டுது, பாருங்கப்பா!” என்றான் புயல். கடையே சிரித்தது. மகளும் சேர்ந்து சிரித்துவிட்டு, விட்ட கம்பியிலிருந்து தொடர்ந்தாள்.

ஒரு மணி அடித்தபோது புயல் மூன்றையும் முடித்து டீயும் குடித்திருந்தான். இவளுக்கு இரண்டுதான் முடிந்திருந்தது. மூன்றாவது பாதியில் நின்றது. தையல்காரிக்குப் பொறுக்கவில்லை. மகளை ஓரமாக இழுத்தாள்.

“முடியலேன்னா விட்டுடும்மா. உன்மேல தப்பில்ல. என்னாலதான். ஒரு கவர் வந்துச்சு, உங்கிட்ட மறைச்சிட்டேன்…”

“மூளைப் படமா?” மகள் கிரீஸ் கையைத் துணியில் துடைத்தாள். “டாக்டரம்மா போன மாசமே காட்டிச் சொல்லிட்டாங்க. அதுக்கப்புறம்தானே நூல் கட்டறேன். மனசுல நிக்கலேன்னா கம்பில நிக்கட்டுமேன்னு. நீ அழுவேன்னுதான் உங்கிட்ட சொல்லல.”

மூன்று நாளாகத் தையல்காரி எதை எண்ணி மருகினாளோ, அதற்கு இந்தப் பெண் ஒரு மாதம் முன்பே வழி கண்டுபிடித்து, அதையும் அம்மாவின் கூடையிலிருந்தே திருடிக்கொண்டு போயிருக்கிறாள். அடிக் கள்ளி! கண்ணில் தண்ணீர் முட்டியது. ஆனால் இது மூன்று நாளாக அழுத அழுகை இல்லை.

அதற்குள் முதலாளி சக்கரங்களை ஸ்டாண்டில் மாட்டிச் சுற்றவிட்டு, ஓரத்தில் நகத்தை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். புயலின் இரண்டாவது சக்கரம் ஆட்டம் முழுசாகப் போகாமல் நகத்தை உரசி உரசிப் போனது. இவளுடைய இரண்டும் உரசவே இல்லை. அரைநாள் பள்ளி விட்டு வந்து ஓரமாக நின்ற தன் மகளின் சைக்கிளைச் சாய்த்து, முன்சக்கரத்தைக் கழற்றினார். தையல்காரியின் மகள் முடித்த சக்கரத்தில் ஒன்றை எடுத்து மாட்டி இறுக்கினார்.

“ஏறும்மா. ஞாயித்துக்கிழமை ரேஸுக்கு இதுலயே போ. இப்ப முக்கு வரைக்கும் ஓட்டிட்டு வா.” பிறகு சோதனைக்கு நின்ற இருவரையும் பார்த்து, “சாப்பிட்டு வாங்க, பேசுவோம்” என்றார்.

சைக்கிள் கிளம்பியது. தையல்காரியின் மகள் தலையில் அடித்துக்கொண்டாள். “ஐயோ! நூல அவுக்க மறந்துட்டேம்மா!”

“இருக்கட்டும்டி,” என்றாள் தையல்காரி. பெஞ்சில் டியூபோடு காத்திருந்த, முன்பின் தெரியாத ஆளைத் தொட்டுக் கூப்பிட்டாள். “அண்ணே, அந்தச் சக்கரத்தப் பாருங்க. எம்பொண்ணு கோட்டம் எடுத்தது.”

அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். சைக்கிள் வேகம் பிடிக்கப் பிடிக்க, ஒற்றை முடிச்சாக ஓடிய நூல் சக்கரத்துக்குள் ஒரு முழுச் சிவப்பு வட்டமாகி, துளியும் ஆடாமல் தெருமுனை வரை போயிற்று.