குலுக்கலில் விழாத பெயர்

அட்டாக்பமே ஊர் டாக்சி நிலையத்தில் எசினாமும் டெலாலியும் ஒரே சட்டியில்தான் வள்ளிக்கிழங்கு பொரித்து விற்றார்கள். ஒருத்தி சீவுவாள், ஒருத்தி பொரிப்பாள். சாயங்காலம் கிடைத்ததைப் பாதியாகப் பிரித்துக்கொள்வார்கள். டெலாலி வயதில் சின்னவள். புருஷன் விட்டுப் போன பிறகு தெருவில் நின்றவளைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து அடுப்பருகே உட்காரவைத்தவள் எசினாம்.

தலைநகரத்திலிருந்து தொழில் பயிற்சிக்காரர்கள் வந்தார்கள். சிறு வியாபாரிகளின் பெயர்களைப் பள்ளி மைதானத்தில் குலுக்கிப் போட்டதில் டெலாலியின் பெயர் விழுந்தது. எசினாமுக்கு விழவில்லை.

"நீ போடி. சட்டிய நான் பாத்துக்கறேன். வந்து எனக்கும் சொல்லிக் குடு, அவ்வளவுதானே."

முதல் நாள் டெலாலி மூச்சிரைக்க ஓடிவந்தாள். "அக்கா, பக்கத்துல இருக்கறவ செய்யாதத நாம செய்யணுமாம்!"

"உன் பக்கத்துல இருக்கறவ நான்தானேடி!" எசினாம் வயிறு குலுங்கச் சிரித்தாள். டெலாலியும் சிரித்தாள், கொஞ்சம் தாமதமாக.

அதற்கப்புறம் அவள் எதையும் சொல்லவில்லை. பயிற்சி முடிந்த மறுவாரம் புதுச் சட்டியோடு வந்து நின்றாள்.

"கூட்டு வேணாம்னு பயிற்சி சார் சொல்றாருக்கா. வேண்டியவங்களுக்குப் பங்கு குடுத்துக் குடுத்தே நாம எந்திரிக்க மாட்டேங்கறோமாம்."

"என்னை எந்தக் கணக்குல சேத்த?"

டெலாலி சட்டியின் காதைத் தடவிக்கொண்டே சொன்னாள். "செலவுல போடச் சொன்னாரு."

நிலையத்து வாசலில், வண்டிகள் வந்து நிற்கும் இடத்தை அவள் பிடித்துக்கொண்டாள். கிழங்கோடு பொரித்த மீன், இஞ்சிச் சாறு. போன் செய்தால் வங்கிக்கும் ஆஸ்பத்திரிக்கும் மோட்டார் சைக்கிளில் சாப்பாடு போனது. எசினாமின் தட்டில் கிழங்கு ஆறிப்போய்க் கிடந்தது. அவள் பிள்ளைகள் ராத்திரிதோறும் அதையே தின்றன.

பொறுக்க முடியாமல் பயிற்சியாளர் கொஜோவியைத் தேடிப் போனாள். அவர் நல்ல மனிதர். நாற்காலி போட்டு, குடிக்கக் குளிர்ந்த தண்ணீர் வரவழைத்தார்.

"எனக்கும் சொல்லிக் குடுங்க சார். வாசல்ல நின்னு கேட்டுக்கறேன்."

"முடியாதும்மா. உங்களுக்கும் சொல்லிக் குடுத்துட்டா, டெலாலி வளந்தது பயிற்சியாலதானான்னு எங்களுக்கு எப்படித் தெரியும்? பயிற்சி இல்லாதவங்க எப்படி இருக்காங்கன்னும் பாக்கணுமில்ல? நீங்க இருக்கறபடியே இருக்கறதுதான் எங்களுக்குப் பெரிய உதவி."

"இருக்கறபடி எங்க சார் இருக்கேன்? கீழதானே போய்க்கிட்டிருக்கேன்!"

"அதையும் குறிச்சுக்கறோம்மா," என்றார் அவர், மிகவும் கனிவாக.

சொன்னபடியே குறித்துக்கொள்ள அவ்வப்போது ஒரு பெண் வந்தாள். இந்த வாரம் எவ்வளவு விற்றது, பிள்ளைகள் எத்தனை வேளை சாப்பிட்டார்கள் என்று கேட்பாள், நன்றி சொல்லிவிட்டுப் போவாள். மழைக்காலத்தில் எசினாமுக்கு எண்ணெய் வாங்க வழியில்லை. சட்டியை விற்றாள். அந்தக் காசையும் தின்று தீர்த்தபின், வெட்கத்தை விழுங்கிக்கொண்டு நிலையத்து வாசலுக்குப் போனாள்.

டெலாலி அவளை மேலும் கீழும் பார்த்தாள். "வெள்ளெனவே வந்துடணும்க்கா. லேட்டானா கூலியப் புடிப்பேன். பின்னாடி உக்காந்து சீவுங்க, அடுப்புப் பக்கம் வரவேணாம். பழைய ஆளுங்க உங்களப் பாத்தா பழைய கதைய ஆரம்பிச்சிடுவாங்க."

வருஷக் கடைசியில் பயிற்சிக்காரர்களின் விழா நடந்தது. டெலாலி மேடையேறினாள். "முன்ன நான் தனி ஆளு. இன்னைக்கு என்கிட்ட ஒருத்தங்க வேலை பாக்கறாங்க. எசினாம், எந்திரிச்சு நில்லுங்க!"

எசினாம் எழுந்து நின்றாள். கூட்டம் கைதட்டியது. கேள்வி கேட்க வந்த பெண்ணும் தட்டினாள்.

பிறகு கொஜோவி ஒலிபெருக்கியை வாங்கி, ஆராய்ச்சி முடிந்துவிட்டது, குலுக்கலில் பெயர் விழாதவர்களுக்கும் இனி பயிற்சி உண்டு என்றார். எசினாம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவரிடம் ஓடினாள்.

"இப்ப எனக்குத்தானே சார்?"

அவர் முகம் வாடியது. "சொந்தத் தொழில் இருக்கறவங்களுக்குத்தாம்மா."

"எனக்கு இருந்துச்சே சார். உங்களுக்கே தெரியுமே."

"தெரியும்மா. இப்ப இல்லையே."

அவர் அவள் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு, படம் எடுக்க அழைத்தவர்கள் பக்கம் போனார். எசினாம் கடைக்குத் திரும்பி, பின்பக்கம் உட்கார்ந்து சீவினாள். கண்ணீர் கண்ணை மறைத்தது. கத்தி தாறுமாறாக ஓடியது.

விழா உடுப்போடேயே டெலாலி வந்தாள். கீழே கிடந்த தோலில் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"தடிமனா சீவறீங்க. பாதிக் கிழங்கு தோலோட போகுது."

"சரிம்மா," என்றாள் எசினாம். அடுத்த கிழங்கை எடுத்து மெல்லிசாகச் சீவத் தொடங்கினாள்.