பெஞ்சு, தொண்ணூற்றேழு சதவீதம்

என் அக்கா ஓவியர். விளையாட்டு மைதானத்தின் கண்காணிப்பு கேமராப் படங்களை உரிய அனுமதியுடன் பெற்று, ஆளுயரத் துணியில் எண்ணெய் வண்ணத்தில் தீட்டுவது அவர் வழக்கம். அந்தக் கேமரா, தான் காணும் ஒவ்வொன்றையும் பச்சைக் கட்டத்துக்குள் அடைத்து, அது இன்னதென்றும், எத்தனை சதவீதம் உறுதி என்றும் மேலே எழுதிவிடும்: மனிதர், பந்து, நாய். அக்கா அந்த எழுத்துகளையும் அப்படியே தீட்டுவார். தவறென்றாலும் திருத்தமாட்டார்.

கண்காட்சி தொடங்கும் நாளில் அக்காவின் கணவர், அதாவது என் மாமா, என்னைப் பெரிய ஓவியத்தின் முன் இழுத்துச் சென்றார். மருத்துவர் சொற்படி ஆறு மாதமாக அதே மைதானத்தில் தினமும் பத்துச் சுற்று ஓடுவதாக வீட்டில் கூறிவருபவர் அவர்.

"மாப்ளே, அந்த மூலையப் பாரு."

ஓடுபாதையில் ஐவர் ஓடிக்கொண்டிருந்தனர். ஓரத்துப் பெஞ்சின் மீது ஏதோ படர்ந்திருந்தது. மேலே, 'பெஞ்சு, 97%'. ஆயினும் அந்த ஆரஞ்சுக் கோடு போட்ட சட்டை அவருடைய பிறந்தநாளுக்கு நான் அளித்தது என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

"மாமா, இது நீங்கதானே?"

"கத்தாதடா! ரொம்ப நேரம் அசையலன்னா அது பெஞ்சாக்கிடுது. உங்கக்காவும் நம்பிட்டா. அவளுக்குத் தெரிஞ்சுதுன்னா, நாளையிலேர்ந்து அவளே என்னைத் துரத்திட்டு ஓடி வருவா."

அதற்குள் ஒரு விளையாட்டு ஆசிரியை அக்காவுடன் வந்து நின்றார். "ஏம்மா, பெஞ்சு சட்டை போட்டிருக்கே?"

"கேமரா பெஞ்சுங்குது. நான் திருத்துறதில்லைங்க," என்றார் அக்கா.

மாமா மூச்சையும் அடக்கிக்கொண்டு சிலையாக நின்றார். சுவரில் ஒரு திரை இருந்தது. அதே வகைக் கேமரா, அரங்கில் இருந்தோரை அதில் நேரடியாகக் காட்டிக்கொண்டிருந்தது. எங்கள் தலைகளுக்கு மேல் 'மனிதர்' என்றிருந்தது. மாமாவின் கட்டம் இருமுறை சிமிட்டியது.

'பெஞ்சு, 97%'.

ஆசிரியைக்குச் சிரிப்பு பீறிட்டது. அக்கா திரையைப் பார்த்தார், ஓவியத்தைப் பார்த்தார், இறுதியாக மாமாவைப் பார்த்தார்.

"வாரா வாரம் நான் துவைக்கிற சட்டை, எனக்குத் தெரியாதாங்க? ஒரு தடவை தப்பா சொல்லியிருக்கும்னு விட்டேன். இப்ப ரெண்டாவது தடவையும் அதையேதான் சொல்லுது."

"அது வந்து, நான் என்ன சொல்றேன்னா..."

"காலைல எத்தனை மணிக்கு ஓடப்போறோம்?"

அந்த 'போறோம்' காதில் விழுந்ததும் மாமா வாசலை நோக்கி ஓர் அடி எடுத்து வைத்தார். திரை உடனே திருத்திக்கொண்டது: 'மனிதர், 51%'.